300 டாலருக்கு அசல் ‘கில்டா’? பழைய நுவார் சுவரொட்டிகளைச் சேர்ப்பது பற்றி

கேள்வி இதுதான். ‘நுவார்’ எனப்படும் 1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்களை விரும்பிப் பார்க்கும் ஒருவர் அவற்றின் அசல் சுவரொட்டிகளைச் சேர்க்க நினைக்கிறார். இணையத்தில் ஒரு விளம்பரத்தைக் கண்டிருக்கிறார்: ‘கில்டா’ படத்தின் 1946-ஆம் ஆண்டு அசல் போஸ்டர், 24-க்கு 36 அங்குலம், மடிப்பே இல்லாத புத்தம் புது நிலை, விலை 300 டாலர். இதை வாங்கலாமா, எப்படிச் சோதிப்பது, எங்கிருந்து தொடங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பது என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். அளவு, நிலை, விலை மூன்றுமே அது அசல் அல்ல என்று சொல்லிவிடுகின்றன. 24-க்கு 36 என்பது இன்று அறைச் சுவரில் மாட்டுவதற்காக அச்சிடும் அலங்காரப் போஸ்டரின் அளவு. அமெரிக்கத் திரையரங்குகளுக்காக அன்று அச்சான ‘ஒன்ஷீட்’ 27-க்கு 41 அங்குலம். குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று என மடித்துத்தான் அதைத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். ஆகவே மடிப்பின் தடமே இல்லாத 1940-களின் ஒன்ஷீட் மிக அபூர்வம். கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். விலையைப் பொறுத்தவரை, தோள்பட்டி இல்லாத கறுப்பு உடையில், கையில் சிகரெட்டோடு நாயகி ரீட்டா ஹேவொர்த் முழு உருவமாக நிற்கும் ‘கில்டா’ ஒன்ஷீட் நல்ல நிலையில் பல்லாயிரம் டாலருக்கு ஏலம் போகும் பொருள். அதை யாரும் 300 டாலருக்குத் தெரியாமல் விற்றுவிட மாட்டார்கள்.

படங்களை நீங்கள் நன்றாகவே அறிந்திருக்கிறீர்கள். இனிப் பழக வேண்டியது காகிதத்தோடு. அந்தக் காகிதம் எதற்காக அச்சானது, எப்படிப் பயணப்பட்டது, எப்படித் தப்பியது என்பது தெரிந்தால் பாதி மோசடிகள் உங்களை அண்டாது.

1920-ல் டிரெய்லர் விநியோகத்துக்காகத் தொடங்கிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம், 1940 முதல் ஸ்டூடியோக்களின் விளம்பரத் தாள்களைக் கையாளும் பொறுப்பை ஒவ்வொன்றாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. திரையரங்கு உரிமையாளர் இந்தத் தாள்களை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார். இது எங்கள் சொத்து, இந்தப் படம் ஓடும்போது மட்டுமே காட்ட வேண்டும், முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தாளின் அடி ஓரத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே தாள் ஊர் ஊராகப் போய் வந்தது. மூலைகளில் ஊசித்துளைகள், மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் தேய்வு, பின்புறம் பென்சிலில் படத்தின் பெயர் இவையெல்லாம் அந்தப் பயணத்தின் அடையாளங்கள். நான் இவற்றைக் குறையாகவே பார்ப்பதில்லை. வேலை செய்த காகிதத்துக்கு வேலை செய்த தடம் இருக்கத்தான் வேண்டும்.

வலது கீழ் மூலையில் வழக்கமாக ஓர் எண் இருக்கும். அது 47 என்று தொடங்கி, ஒரு சாய்கோட்டுக்குப் பின் சில இலக்கங்கள் வந்தால் 1947-ல் வெளியான படம். முன்னால் ஆங்கில எழுத்து ‘ஆர்’ இருந்தால் மறுவெளியீடு. எல்லா ஸ்டூடியோக்களும் ஒரே நேரத்தில் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை என்பதால், எண் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

யாரும் வைத்துக்கொள்வதற்காக அச்சிடப்படாத இந்தத் தாள்களில் பெரும்பாலானவை அழிந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழைய காகிதம் திரட்டும் இயக்கங்கள் ஊர்தோறும் நடந்தன. படம் மாறும்போது பழைய போஸ்டர் மேலேயே புதியதை ஒட்டும் பழக்கமும் இருந்தது. அந்தப் பழக்கமே சிலவற்றைக் காப்பாற்றியும் கொடுத்தது. பென்சில்வேனியாவின் பெர்விக் நகரத்துப் பகுதியில் ஒரு வீட்டு மேல்மாடத்தில், சுவர்த்தாள் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப்போன 1930-களின் தொடக்க காலப் போஸ்டர்கள் 33 கிடைத்தன. அவற்றை நீராவி காட்டிப் பிரித்தெடுத்தபோது ‘டிராகுலா’வும், நுவாருக்கு முன்னோடியான ‘லிட்டில் சீசர்’ என்ற குண்டர் படமும் அந்தக் கட்டுக்குள் இருந்தன. 2012-ல் டாலஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் அந்தக் கட்டு மொத்தமாக 5 லட்சம் டாலருக்குச் சற்று மேல் போனது.

இனி கலைக்கு வருகிறேன். என்னை இந்தத் துறைக்குள் இழுத்ததும் இதுதான்.

இந்தப் படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றின் சுவரொட்டிகளோ கொழுந்துவிட்டெரியும் சிவப்பும் மஞ்சளும். திரையில் பாதி முகம் நிழலில் மறையும் பெண், போஸ்டரில் ரோஜா நிற உதட்டோடு முழு வெளிச்சத்தில் நிற்கிறாள். இன்று ‘நுவார் பாணி’ என்று கணினியில் வரைகிறவர்கள் எல்லாவற்றையும் கறுப்பில் தோய்த்துவிடுகிறார்கள். அன்றைய ஓவியர்கள் அப்படிச் செய்யவே இல்லை. ‘ஃபிலிம் நுவார்’ (பிரெஞ்சில் ‘கறுப்புப் படம்’) என்ற பெயரே அவர்களுக்குத் தெரியாது. போர் முடிந்து ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, ‘டபுள் இன்டெம்னிட்டி’, ‘லாரா’ போன்ற படங்கள் பாரிஸ் நகரத்துக்கு மொத்தமாக வந்து சேர்ந்தபோது, 1946-ல் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் பயன்படுத்திய பெயர் அது. ஸ்டூடியோவைப் பொறுத்தவரை இவை துப்பறியும் படங்கள், காதலும் கொலையும் கலந்த மெலோடிராமாக்கள். சனிக்கிழமை மாலை தெருவில் போகிறவரை நிறுத்த வேண்டும். அதற்கு வண்ணம் தேவைப்பட்டது. (இன்று ஏலப் பட்டியல்களில் துப்பாக்கி தென்படும் ஒவ்வொரு பழைய போஸ்டருக்கும் ‘நுவார்’ என்று முத்திரை குத்தி விலையை ஏற்றுகிறார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.)

திரைப்படங்களைப் போலவே விளம்பரங்களுக்கும் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இருந்தன. சொல்ல முடியாததைச் சொல்ல ஓவியர்கள் கண்டுபிடித்த மொழி எனக்குச் சலிப்பதே இல்லை. எழும் சிகரெட் புகை, சற்றே சாய்ந்த தலைப்பு எழுத்துகள், ஆணைவிடப் பெரிதாக வரையப்பட்ட பெண், அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் ஆண். இந்த மொழியின் உச்சம் என்று நான் கருதுவது ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ 1947 ஒன்ஷீட். உதட்டில் தொங்கும் சிகரெட்டோடு ராபர்ட் மிட்சம், அவர் முன்னே ஜேன் கிரீர். வரைந்தவர் வில்லியம் ரோஸ். தப்பிக்கப் பார்க்கும் மனிதனின் களைப்பை அந்த ஓவியத்தின் கண் இமைகளிலேயே காட்டியிருக்கிறார். கதை தெரியாதவரும் இவன் பிழைக்க மாட்டான் என்று உணர்ந்துவிடுவார்.

ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ முகம் வேறு. எம்.ஜி.எம். வெள்ளைப் பின்னணியை விரும்பியது. வார்னர் பிரதர்ஸ் புகைப்படங்களை வெட்டி அடுக்கி, குறைந்த மைகளில் சாயம் ஏற்றியது. 1942-ன் ‘காசாபிளாங்கா’ போஸ்டரை வடிவமைத்த பில் கோல்ட் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதே தொழிலில் நீடித்தார். படத்தின் தரமும் போஸ்டரின் தரமும் ஒன்றாகப் போவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ‘டபுள் இன்டெம்னிட்டி’ மகத்தான படம். அதன் ஒன்ஷீட் என் கண்ணுக்கு அடக்கமான, வழக்கமான வேலைதான். சொற்பச் செலவில் பி.ஆர்.சி. என்ற சிறு நிறுவனம் எடுத்த ‘டீடூர்’ படத்தின் போஸ்டரைத் தேடிச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

அமெரிக்கப் போஸ்டர்களில் ஓவியரின் கையெழுத்து இருப்பது அரிது. எத்தனையோ நல்ல கைகள் பெயர் தெரியாமலே போய்விட்டன. ஐரோப்பாவில் நிலைமை வேறு. கொலம்பியா ஸ்டூடியோவின் படங்களுக்கு இத்தாலியில் வரைந்த அன்செல்மோ பாலெஸ்தர், ‘கில்டா’வையும் ‘தி லேடி ஃபிரம் ஷாங்காய்’ படத்தையும் ஓவியக் காட்சிக்கூடத்தில் மாட்டும் தரத்துக்கு உயர்த்தினார். பிரான்சில் ‘கில்டா’வை வரைந்தவர் ரஷ்யாவில் பிறந்த போரிஸ் கிரின்சன். அளவுகளும் பிரமாண்டமானவை: பிரெஞ்சு ‘கிராந்த்’ 120-க்கு 160 சென்டிமீட்டர், இத்தாலியின் நான்கு தாள் போஸ்டர் 140-க்கு 200. நுவாரின் நெருங்கிய உறவான ‘காசாபிளாங்கா’வுக்கு லூயிஜி மார்த்தினாத்தி வரைந்த 1946 இத்தாலியப் போஸ்டர், 2017 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் 4,78,000 டாலருக்கு விற்றது. ஏலத்தில் ஒரு திரைப்படப் போஸ்டருக்கு அதுவரை கிடைத்திருந்த உச்ச விலைக்கு அது சமம்.

அமெரிக்காவில் 1942-ல் திரையிடப்பட்ட படத்தின் இத்தாலியப் போஸ்டருக்கு ஏன் 1946 என்று ஆண்டு போடுகிறார்கள் எனக் குழம்ப வேண்டாம். 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த ஏகபோகச் சட்டத்தால் பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இத்தாலியை விட்டு விலகின. பிரான்சை ஜெர்மனி பிடித்துவைத்திருந்தது. அந்த ஆண்டுகளின் படங்கள் விடுதலைக்குப் பிறகே அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தந்த நாட்டின் முதல் வெளியீட்டுக்கு அச்சானதே அங்கே அசல்.

நுவார் போஸ்டரின் கதை 1955-க்குப் பிறகு வேறு பக்கம் திரும்புகிறது. ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் வைத்த முறுக்கிய கை, நட்சத்திரங்களின் முகத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஒரு வடிவத்தை நடுவில் நிறுத்தியது. பாஸ் பெரிய கலைஞர். ஆனாலும் தெருவோரத்தில் சத்தம் போட்டு அழைத்த அந்தப் பழைய வண்ண ஓவியங்கள் மீதுதான் என் மனம் இருக்கிறது.

மறுவெளியீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். தொலைக்காட்சி வருவதற்கு முன்னும், வந்த புதிதிலும் ஸ்டூடியோக்கள் பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டின. அவற்றுக்குப் புதிதாகப் போஸ்டரும் அச்சிட்டன. ‘லாரா’வுக்கு 1952-ல் அப்படி ஒன்று வந்தது. இவை போலி அல்ல. எழுபது ஆண்டுப் பழமை உள்ள நேர்மையான திரையரங்குத் தாள்கள். முதல் வெளியீட்டின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர்களின் வரிசை பல நேரம் காட்டிக்கொடுக்கும். 1950-ல் ‘தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்’ வந்தபோது மர்லின் மன்றோ சிறு வேடம் செய்த புதுமுகம். 1954 மறுவெளியீட்டுப் போஸ்டர்களில் அவர் முன்னுக்கு வந்துவிட்டார். ஒரு படத்தில் நடித்தபோது அறியப்படாதவராக இருந்தவர் போஸ்டரில் பெரிதாக நின்றால், அந்தத் தாள் எப்போது அச்சானது என்று கேளுங்கள். ‘கன் கிரேஸி’ இன்னொரு வகை: 1950-ன் தொடக்கத்தில் ‘டெட்லி இஸ் தி ஃபீமேல்’ என்ற பெயரில் வெளியாகி, அதே ஆண்டில் பெயர் மாறி மீண்டும் வந்தது. இரண்டு பெயர்களிலும் போஸ்டர் உண்டு, இரண்டும் அந்த ஆண்டுக்குரியவையே.

இப்போது சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். போஸ்டருக்கு முன்னால் அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். முதலில் எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் தலைப்பும் பெயர்களும் பொதுவாகத் திண்ணமான மையில், கூரான விளிம்போடு இருக்கும். அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்டவற்றில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். கல்லச்சில் (லித்தோகிராஃபி) வந்த பழைய தாள்களில் ஒழுங்கான புள்ளி வலையே இருக்காது. கிரேயான் கோட்டைப் போல ஒழுங்கற்ற மணிகள் தெரியும். ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் இருந்த மார்கன் லித்தோ அச்சகத்தின் பெயரை அடி ஓரத்தில் அடிக்கடி காண்பீர்கள். இன்க்ஜெட் அச்சு என்றால் சிதறிய பனித்துளிகள் போல மை தெறித்திருக்கும்.

அடுத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கு. காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் ஒளிர்பொருள்கள் ஏறக்குறைய 1950-க்குப் பிறகே காகித ஆலைகளில் பரவலாயின. 1946-ன் தாள் என்று விற்கப்படுவது நீலவெண்மையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். இதே விளக்கு, பின்னாளில் தூரிகையால் தீட்டி மறைத்த கிழிசல்களையும் காட்டிவிடும். மடிப்பைத் தடவிப் பாருங்கள். உண்மையான மடிப்பில் இழை உடைந்திருக்கும், மை உதிர்ந்திருக்கும். போலியில் மடிப்பின் படம் மட்டும் வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலை உயர்ந்தவற்றை ஆவணமும் திரும்பப் பெறும் உறுதியும் இல்லாமல் வாங்காதீர்கள். 2009-ல் யூனிவர்சல் ஸ்டூடியோவின் பழைய திகில் படங்களுக்குச் செய்யப்பட்ட போலிகள் வெளிச்சத்துக்கு வந்தபோது, கைதேர்ந்த சேகரிப்பாளர்களே ஏமாந்திருந்தார்கள். வழக்கு எஃப்.பி.ஐ. வரை போனது. ஏலத்தில் எடுப்பதாக இருந்தால், அறிவிக்கும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வரும் என்பதையும், அஞ்சல், சுங்கம் இரண்டையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

செப்பனிடுவதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒன்ஷீட்டைக் கழுவி, அமிலத்தைச் சமன் செய்து, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தின் மேலும் பருத்தித் துணியின் மேலும் கோதுமைப் பசையால் ஒட்டுவதை இத்துறையில் ‘லினன் பேக்கிங்’ என்கிறார்கள். கோதுமைப் பசையை நீரால் மீண்டும் பிரிக்க முடியும். அதனால்தான் அது ஏற்கத்தக்கது. கிழிந்து நைந்த தாளுக்கு இது உயிர் கொடுக்கும். நல்ல நிலையில் மடிப்போடு மட்டும் இருக்கும் தாளை, அழகுக்காக இப்படி ஒட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓவியரின் முகத்தை இன்றைய தூரிகை புதிதாக வரைந்த போஸ்டர்களையும் ஒதுக்குங்கள். வெளி ஓரத்தில் செய்த திருத்தம் பொறுக்கலாம், முகத்தில் செய்தது பொறுக்க முடியாது. வெப்பத்தால் அட்டையில் ஒட்டியது, செலோடேப் போட்டது, வெள்ளை ஓரம் வெட்டியது மூன்றும் பெருங்குறைகள். ‘விண்டோ கார்டு’ எனப்படும் 14-க்கு 22 அங்குல அட்டைகளில், திரையரங்கின் பெயரை அச்சிட விட்ட மேல்பகுதியைப் பலர் வெட்டியிருப்பார்கள். விளம்பரப் படத்தில் அளவைச் சரிபாருங்கள்.

பாதுகாப்பில் பெரும் எதிரி வெளிச்சம். வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் தின்றுவிடும், நீலம் மட்டும் எஞ்சும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு, அமிலமில்லாத அட்டை, தாள் தகட்டில் படாதபடி இடைவெளி என்று கேட்டுச் சட்டமிடுங்கள். சட்டமிடாதவற்றை அமிலமில்லாத உறையில், தட்டையாக இழுப்பறையில் வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்: ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும், கோதுமைப் பசையை ராமபாணப் பூச்சிகள் தேடி வரும். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டாத அறை வேண்டும். வெளிச்சுவரில் மாட்டக் கூடாது.

தொடங்குவதற்கு ஒன்ஷீட் வேண்டாம். ‘லாபி கார்டு’ வாங்குங்கள். 11-க்கு 14 அங்குலம், தடித்த அட்டை, பெரும்பாலும் எட்டு அட்டைகள் ஒரு தொகுதி. அதில் முதல் அட்டை தலைப்புக்கு, மற்றவை காட்சிகளுக்கு. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றி அச்சிட்டிருப்பார்கள். அந்தக் காலத்து லாபி கார்டுகள் பலவும் ஜெலட்டின் முறையில் அச்சானவை என்பதால் கைலென்ஸில் புள்ளி வலை தெரியாது. போலியைப் பிடிப்பதும் எளிது. நட்சத்திரத்தின் நெருக்கமான முகம் இருக்கும் அட்டைக்கு விலை பாய்ந்து ஏறும். துணை நடிகர்கள் அறையில் நிற்கும் அட்டை அதே தொகுதியில் மலிவாகக் கிடைக்கும். ‘தி நேரோ மார்ஜின்’, ‘ரா டீல்’ போன்ற சிறு செலவுப் படங்களின் காட்சி அட்டைகளை உங்களிடம் இருக்கும் 300 டாலருக்குள் பொறுமையாகத் தேடிப் பிடிக்கலாம். இரண்டாவதாக பெல்ஜியப் போஸ்டர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 14-க்கு 22 அங்குலம்தான், சாதாரண வீட்டுச் சுவருக்குப் பொருந்தும். தலைப்பு பிரெஞ்சிலும் டச்சிலும் இருக்கும், வரி முத்திரையின் வில்லை மூலையில் ஒட்டியிருக்கும். அமெரிக்க ஒன்ஷீட் கைக்கெட்டாத பல படங்களுக்கு, தனியாக வரைந்த நல்ல ஓவியம் இந்தச் சிறு தாள்களில் கிடைக்கும்.